மஞ்சள் நுனியும் ரோசா நுனியும்

மச்சாள்,

இன்றைக்குக் காலையில் குசினிக்குள் அந்த வாசம் எழும்பியது. கனடாவிலிருந்து வந்த பொதிக்குள் கிடந்த காய்ந்த காளானைப் பேரனின் பெண்சாதி சுடுதண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி நிறம் இறங்கிக் கிடந்தது. காளானைப் பிழிந்து எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை அப்படியே கறிச்சட்டிக்குள் சரிக்கப் போனாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"விடுங்கோ அம்மம்மா, உந்தத் தண்ணியிலைதான் ருசி முழுக்கக் கிடக்கு," என்றாள்.

இந்தச் சொல்லை இதற்கு முதல் எனக்கு ஒரேயொரு ஆள்தான் சொன்னது. அது நீர். இதே மாதிரித்தான், என்னைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னீர். நீர் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. பிள்ளை பாவம், ஒன்றும் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். கையை விட்டேன். பெட்டியில் விற்கிற காளானுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை, இதை உமக்கு எழுதித்தான் தீரவேண்டும் என்று பின்னேரம் குந்தியிருக்கிறேன். வாயால் சொல்லப்போனால் பிள்ளைகள் இடையில் புகுந்து உமக்காகக் கதைப்பார்கள்.

அண்ணை உம்மைக் கலியாணம் முடித்து, மலாயாவுக்குக் கப்பலேறின அந்த மாரிதான் நான் முதன்முதல் உங்கள் வீட்டுக்கு வந்தது. உமக்கு ஏழு மாதம். தாயில்லாத பிள்ளை, வீட்டில் தகப்பன் மட்டும், பக்கத்தில் ஒரு பெண்துணை வேண்டும் என்று அம்மா என்னை மீசாலையில் ரயிலேற்றிக் கொண்டுவந்து சுன்னாகத்தில் இறக்கினார். எனக்குப் பதினேழு. உமக்கு என்னிலும் இரண்டு வயது கூட. கலியாணத்தன்று கண்ட முகம்தான். ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிடுகிற உரிமை இருந்ததே தவிர, கதைப்பதற்கு ஒரு கதையும் இருக்கவில்லை.

அம்மா கொடுத்துவிட்ட பொட்டலத்தை அவிழ்த்தீர். ஒடியல் மா, பனங்கட்டி, ஈர்க்கில் கோர்த்துக் காயவைத்த முருகைக் காளான். குடை விரிக்கிற காளான் இல்லை இது. கடலடியில் முருகைக்கல் கிளைவிட்டு நிற்கிறதே, அதே மாதிரி நிலத்திலிருந்து கிளைகிளையாய் எழும்புகிறது. எங்கள் பக்கத்துச் சனம் அதை மாரிக்கு மாரி தேடிப் பறித்துக் காயவைக்கும். நீர் ஈர்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்.

"இதென்ன மச்சாள், கிழட்டுக் காளானைப் புடுங்கிக் காயவைச்சுக் கொண்டந்திருக்கிறீர்?"

வந்து இறங்கி வாய் கொப்பளிக்கவும் இல்லை, அதற்குள் இந்த வரவேற்பு.

அடுத்த நாள் மழை விட்ட நேரம், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு என்னை வளவின் பின்பக்கத்து இலுப்பை மரத்தடிக்குக் கூட்டிப்போனீர். செம்மண்ணில் இலுப்பைச் சருகு உக்கிக் கிடந்தது. விலக்கிக் காட்டினீர். உங்கள் ஊர் முருகைக் காளான். அடி தடிப்பு, நல்ல வெள்ளை. கிளைகள் குட்டையாய், நெருக்கமாய், நுனியில் மட்டும் ரோசா நிறம், பிறந்த பிள்ளையின் விரல் நுனி மாதிரி. ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் வெள்ளைதான்.

அழகான சாமான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களுடையது அது இல்லை. எங்களுடையது மணலில், பனை வடலிக்குள், உக்கின ஓலைக்குக் கீழே வருகிறது. அடியிலிருந்தே செம்மை கலந்த நிறம். கிளை நீளம். நுனி மஞ்சள். நகத்தால் கீறினால் கீறின இடம் கறுத்துப்போகும். நாக்கு நுனியில் வைத்தால் கைக்கும். அதனால்தான் எங்கள் அம்மாமார் அதை அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, திரும்பவும் அவித்துத் திரும்பவும் கொட்டி, பிறகுதான் கறிக்கு எடுப்பார்கள். நீங்கள் உங்களுடையதை ஊறவைத்த தண்ணீரோடேயே தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பீர்கள். இதையெல்லாம் நான் அந்த மரத்தடியில் நின்று உமக்கு ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். நீர் ஒரு முற்றின காளானைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினீர். உண்மைதான், முற்றிப்போனால் உங்களுடையதும் ரோசா மங்கிப் பழுப்பு மஞ்சளாய்ப் போகிறது. காய்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

"பாரும். இது குமர். உம்மடை ஈர்க்கிலை கிடக்கிறது கிழவி. ஆள் ஒண்டுதான்."

"இல்லை மச்சாள். இது வேறை, அது வேறை. எங்கடையிலை கைப்புக் கிடக்கு."

"கிழவியிலை கைப்பு இல்லாமல் இனிப்போ கிடக்கும்?"

மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டு நின்ற உம்முடைய தகப்பன், அப்பு, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக நான் அவரை அவர் கண்மூடும்வரை மன்னிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.

அந்த நாட்களில்தான் கரவெட்டிச் சம்பந்தம் வந்தது. எங்களுடையது தகப்பன் இல்லாத வீடு. முதல் வந்த இரண்டு பேச்சும் சீதனத்தில் முறிந்துபோயிருந்தன. கரவெட்டியார் புகையிலைத் தோட்டம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, தமக்கைதான் எல்லாம். பெரிதாய் ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளை அடக்கமான பிள்ளையாய் இருந்தால் போதும் என்று தரகரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். சாதகமும் பொருந்திவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா நிம்மதியாய்ச் சாப்பிட்டது அந்தக் கிழமைதான் என்று பிறகு சொன்னார். இதுவும் தவறினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்.

தமக்கையும் புருசனும் காங்கேசன்துறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள், திரும்புகிற வழியில் பெட்டையை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம் என்று காலையில் ஆள் விட்டார்கள். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். கடலுக்கு ஒரு தோணியும் போகவில்லை. மீன்காரி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே எத்தனையோ நாள். மத்தியானச் சோற்றுக்கு நிற்பார்கள் என்று தெரிந்ததும் நீர் குசினிக்குள் அங்குமிங்கும் நடந்தீர். "கத்தரிக்காயையும் பருப்பையும் வைச்சே சம்பந்தம் பேசுறது," என்று முணுமுணுத்தீர். உம்முடைய காளான் ஈர்க்குகள் முடிந்துபோயிருந்தன. புகைக்கூட்டுக்கு மேலே தொங்கினது என்னுடையது.

பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணை அடுப்படிக்கு விடுகிற வழக்கம் இல்லை. தலையில் புகை மணக்கும் என்பார்கள். என்னை முழுகவைத்து, சீலை உடுத்தி, அறைக்குள் இருத்திவிட்டுப் போனீர். கதவிடுக்கால் பார்த்தேன். காளானை ஊறப் போட்டிருந்தீர்.

"மச்சாள், தண்ணியைக் கொட்டும். ரெண்டுதரம் அவிச்சுக் கொட்டும்."

"ஓமோம். உந்தத் தண்ணியிலைதான் ருசி. நீர் பவுடரைப் பூசிக்கொண்டு சும்மா இரும்."

வாயால் எதிராகச் சொல்லிவிட்டுக் கையால் சொன்னபடி செய்கிற பழக்கம் உமக்கு இருந்தது. புட்டுக்கு மா குழைக்கிறபோதும் அப்படித்தான், உப்புப் போடுகிறபோதும் அப்படித்தான். ஆகையால் கொட்டியிருப்பீர் என்றுதான் நம்பினேன்.

அவர்கள் வந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டம் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். சாப்பாட்டில் கரவெட்டி அக்கா, "இதென்ன கறி தங்கச்சி, ஆட்டிறைச்சி தோற்றுப்போகும்," என்று திரும்ப ஒருதரம் போடச்சொன்னது எனக்குக் கேட்டது. உம்முடைய அப்புவும் சட்டியை வழித்தார். பிள்ளை வயிற்றோடு காளான் கூடாது என்று நீர் தொடவில்லை. எனக்கு மிச்சமில்லை. ஆக, அந்தக் கறியைச் சாப்பிடாதவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர், நீரும் நானும். பிறகு ஆட்கள் அதையும் ஒரு கதையாய்க் கதைத்தார்கள்.

மறுநாள் தரகர் குடையை மடக்காமலே விறாந்தையில் நின்றுகொண்டு சொன்னார்.

"வல்லை வெளியிலை வண்டில் போகேக்கை வயித்தாலை தொடங்கினது. அந்த வெளியிலை ஒதுங்கிறதுக்கு ஒரு பத்தை கிடக்கோ? மழை வேறை. அந்த மனுசி புருசனைக் குடையைப் பிடிக்கச் சொல்லிப்போட்டு... வேண்டாம், அதை ஏன் கதைப்பான். வண்டில்காரன் திரும்பிப் பாக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டு நிண்டவனாம். இப்ப கரவெட்டி முழுக்க இதுதான் கதை."

உள்ளே உம்முடைய அப்பு சுருண்டு படுத்திருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"என்னத்தைப் பிள்ளை போட்டுச் சமைச்சனீங்கள்?" என்று தரகர் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீர் தூணில் சாய்ந்துகொண்டு நின்றீர். உம்முடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"அது அவை மீசாலையிலையிருந்து கொண்டந்த காளான். எனக்கு உதுகளைப்பற்றி என்ன தெரியும்?"

மச்சாள், அதில் ஒரு பொய்யும் இல்லை. மீசாலையிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். உமக்கு அதைப்பற்றித் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் நான் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன் என்ற ஒரு சொல்லை நீர் அந்த இடத்தில் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் தரகர் அதையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார். காளான் கதையை மட்டும் கொண்டுபோனார்.

கரவெட்டியிலிருந்து வந்த மறுமொழி இதுதான்: "நஞ்சுக்கும் கறிக்கும் வித்தியாசம் தெரியாத இடத்திலை நாங்கள் பெண் எடுக்கேலாது."

நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. போயிருக்கவேண்டும். உம்முடைய பேறு கிட்டியிருந்தது, அம்மா நில் என்றார், நின்றேன். தை பிறக்க முதல் மகள் பிறந்தாள். பத்தியக் கறி நான்தான் வைத்தேன். சரக்கு நான்தான் அரைத்தேன். ஒரு நாளும் முகம் சுளிக்காமல் வழித்துச் சாப்பிட்டீர். நஞ்சுக் கை என்று ஊர் சொன்ன கையால் வைத்த சாப்பாடு உமக்குச் செமித்தது. பிள்ளை இரவில் அழுதால் என்னுடைய நெஞ்சில் போட்டால்தான் அடங்கும். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளை பிறந்த துடக்குக் கழிந்த கையோடு மீசாலைக்கு ரயிலேறினேன். வாசலில் நின்று, "போட்டு வாரும் மச்சாள்," என்றீர். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான்.

அந்த வருசம் எங்கள் வீட்டுப் படலையை ஒரு தரகரும் திறக்கவில்லை. கிணற்றடியில் பெண்டுகள், "உங்கடை வீட்டை வந்தால் தேத்தண்ணி குடிக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். இந்தச் சனம்தான் அந்தக் காளானைத் தலைமுறையாய்த் தின்கிற சனம். தண்ணீரைக் கொட்டவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனபடியால்தான் இன்னும் மோசம். மீசாலைப் பெட்டை தண்ணீரைக் கொட்ட மறந்தவள் என்று ஆயிற்று. யார் யார் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆளாளாய்ச் சொல்லத் தெரியும். எல்லாரும் போய்விட்டார்கள், விடும்.

அடுத்த ஐப்பசி முடிந்து மழை இறங்கின கிழமை, ஒரு காலை, படலையைத் திறந்துகொண்டு நீர் வந்தீர். இடுப்பில் பிள்ளை, மற்றக் கையில் மூடின பனையோலைப் பெட்டி. தனியாய் ரயிலேறி வந்திருக்கிறீர். அம்மா பதறிக்கொண்டு பிள்ளையை வாங்கினார். நீர் இருக்கவில்லை. நடு முற்றத்தில் நின்று பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தீர்.

உள்ளே வாழையிலையில் இரண்டு கட்டாய்ப் பிரித்து வைத்திருந்தீர். ஒன்று உங்களுடைய ரோசா நுனி. மற்றது மஞ்சள் நுனி, பிஞ்சு, அப்போதுதான் மண்ணை விட்டு எழும்பினது. நான் குனிந்து நகத்தால் கீறினேன். கறுத்தது.

"இது எங்கை?"

"எங்கடை இலுப்பைக்குக் கீழைதான். ஒரு முழத் தூரத்திலை ரெண்டும் நிக்குது. எத்தினை வருசமாய் நிக்குதோ, நான் முத்தினது எண்டு காலாலை தட்டிப்போட்டுப் போறனான். இந்த முறை பிஞ்சிலை கண்டன்." வாழையிலையை இழுத்து மூடினீர். "நாக்கிலை வைச்சுப் பாத்தன். கைக்குது."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லுவீர், இப்போது சொல்லுவீர் என்று. நீர் சீலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினீர்.

"வெளிக்கிடும் மச்சாள். கரவெட்டிக்குப் போவம்."

அம்மாதான் கொடிகாமத்தில் ஒரு வண்டில் பிடித்துத் தந்தார். வரணி தாண்டி, நெல்லியடி தாண்டி, வண்டிலுக்குள் நீரும் நானும் பிள்ளையும் அந்தப் பெட்டியும். வழி நெடுக நீர் பிள்ளையோடுதான் கதைத்தீர். நானும் பிள்ளையோடுதான் கதைத்தேன்.

கரவெட்டி அக்கா எங்களைக் கண்டதும் வாசலை மறித்து நின்றார். பின்னால் அவருடைய புருசன், நல்ல மனுசன், "வாங்கோ," என்று சொல்லத் தொடங்கி மனுசியின் முதுகைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"என்ன, மிச்சத்துக்கும் தர வந்தனீங்களோ?"

"ஓம் அக்கா," என்றீர் நீர். "உங்களுக்கில்லை, எனக்கு. ரெண்டு சட்டியும் ஒரு அடுப்பும் தாங்கோ. என்ரை மச்சாள் சமைப்பா, நான் சாப்பிடுவன். நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ. நாளைக்குக் காலமை நான் எழும்பி நடந்தால் நீங்கள் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவேணும்."

"நடக்காட்டி?"

"நடக்காட்டி உங்கடை சொல் சரி."

"பால் குடுக்கிற பிள்ளைக்காரி," என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "உமக்கென்ன விசரோ?"

"எங்கடை பக்கம் எல்லாருக்கும் கொஞ்சம் கிடக்கு."

புருசன்காரர் தானே போய் இரண்டு சட்டி எடுத்துவந்து தந்தார். தந்துவிட்டு, "எனக்கு வேண்டாம். நான் குடை பிடிச்சு அலுத்துப்போனன்," என்றார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் மனுசன் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்த அடுப்புக்கு முன்னால் நான் குந்தினேன். அக்கா ஒரு பலகையைப் போட்டு எனக்கு எதிரே இருந்து, என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு காளானையும் பக்கத்தில் பக்கத்தில் சுளகில் பரப்பினேன். வெள்ளை அடி, செம்மை அடி. ரோசா நுனி, மஞ்சள் நுனி. ஒடித்துக் காட்டினேன். கீறிக் காட்டினேன். மஞ்சளில் ஒரு துணுக்கை அவரிடம் நீட்டி, நாக்கில் வைத்துத் துப்பச் சொன்னேன். துப்பினார். முகத்தைச் சுளித்து, "சீ," என்றார். பிறகு ரோசாவையும் தானாகவே எடுத்து வைத்துப் பார்த்தார். அதைத் துப்ப மறந்துவிட்டார்.

ரோசாவை அதன் சாற்றோடேயே பாலில் வைத்தேன். மஞ்சளை அவித்தேன். தண்ணீர் நிறம் இறங்கினது. கொண்டுபோய் வேலியடியில் ஊற்றினேன். திரும்ப அவித்தேன், திரும்ப ஊற்றினேன். கொட்டுகிறபோதெல்லாம் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். நீர் மண்ணில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர். பிறகு மிளகாய்த்தூள், வெங்காயம், பால், கடைசியில் தேசிக்காய்ப் புளி. வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாய் ஒரு கறியும் வைத்ததில்லை.

நீர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு இலைக்கு முன்னால் இருந்தீர். மஞ்சள் கறியைத்தான் முதலில் போடச்சொன்னீர். சாப்பிட்டீர். இன்னும் போடச்சொன்னீர். அக்கா, "காணும், காணும்," என்று தடுத்தார். நீர் சட்டியைக் கிட்ட இழுத்துக்கொண்டீர்.

அன்று பின்னேரம் முழுக்க அந்த வீட்டில் எல்லாரும் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர் பாயில் இருந்து அக்காவின் கூந்தலை வாரிக்கொடுத்து ஊர்க்கதை கதைத்தீர். காலையில் வெளிச்சம் வர எழும்பி முற்றத்தைக் கூட்டினீர். பிறத்தியார் வீட்டு முற்றம். கூட்டி முடித்துவிட்டு, விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்கோ அக்கா," என்றீர்.

அந்த நேரம் தோட்டத்துக்கு வெளிக்கிட்ட தம்பிக்காரன், எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளை, பழஞ்சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், "நேத்தையான் காளான் கறி மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

"எந்தக் கறி?" என்றார் அக்கா.

"எதெண்டாலும் பரவாயில்லை."

தைக்குள் கலியாணம் முடிந்தது. அந்த மனுசனோடு நாற்பது வருசத்துக்கு மேல் இருந்தேன். எதெண்டாலும் பரவாயில்லை என்பதுதான் அவருடைய குணம். எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

ஆனால் மச்சாள், என்னுடைய கலியாணப் பந்தலிலேயே நீர் தொடங்கிவிட்டீர். "உந்தக் காளான் ரெண்டும் வேறை வேறை எண்டு நான்தான் முதன்முதல் கண்டுபிடிச்சனான்." சம்பந்திமார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். உலகச் சண்டை வந்து மலாயாவிலிருந்து அண்ணையின் காசும் கடிதமும் நின்றுபோன வருசங்களில், அரிசி இல்லாமல் நீர் பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் வந்து நின்றபோது, இரண்டு காளானும்தான் எத்தனையோ நாள் கறி. அப்போது நீர் தண்ணீரைக் கொட்டுகிற வடிவைப் பார்க்கவேண்டும், ஏதோ உங்கள் பரம்பரை வழக்கம் மாதிரி. கொட்டிக்கொண்டே பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுவீர். வல்லை வெளி வரும், குடை வரும், கரவெட்டி வரும், நீர் சாப்பிட்டது வரும். கதவிடுக்கால் நான் சொன்னது மட்டும் ஒரு நாளும் வராது. ஊரில் ஒவ்வொரு கலியாண வீட்டிலும், பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்திலும், அதே கதை, அதே இடத்தில் அதே ஓட்டை. நான் பாக்கு வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த முறை சொல்லுவீரோ என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

படுக்கையில் கிடந்தபோது உம்மைப் பார்க்க வந்தேன். தெரியுமே, அதைக் கேட்கத்தான் வந்தேன். நீர் என் கையைப் பிடித்து, "சாப்பிட்டீரே மச்சாள்?" என்று கேட்டீர். சாப்பிட்டேன் என்றேன். கேட்காமலே திரும்பினேன்.

செத்த வீட்டில் உம்முடைய மூத்தவள், அன்று என் மடியில் கிடந்தவள், இப்போது அவளுக்கும் தலை வெளுத்துவிட்டது, வந்த சனத்துக்கு அந்தக் கதையைச் சொன்னாள். நீர் சொல்கிற மாதிரியே, உம்முடைய கைவீச்சோடு. கதவிடுக்கு அதிலும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அறுபது வருசக் கணக்கு, உம்முடைய உடம்பு அங்கே கிடக்க, தீர்த்துவிடலாம் என்று. அவள் என் பக்கம் திரும்பி, "மாமி, நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்தானே, அம்மா கொஞ்சமும் பயப்படேல்லையே?" என்று கேட்டாள்.

"உன்ரை அம்மாவோ? பயமோ? அவவுக்கோ?" என்றேன். எல்லாரும் அழுகைக்குள்ளும் சிரித்தார்கள். உம்முடைய கதை உம்முடைய மாதிரியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்லுகிறது ஒன்றுதான்: மரத்தடியில் எந்த நிறத்தில் எது முளைத்தாலும் தொடாதே, அது எங்கள் காலத்தோடு சரி.

ஆனால் உமக்கு எழுதுகிறபோது, நீர் பயப்படவில்லை என்ற அந்தப் பொய் எதற்கு? நாங்கள் இரண்டு பேரும்தானே இருந்தோம். கரவெட்டிக் குசினியில் அக்கா உப்பு எடுக்க எழும்பிப்போன அந்த ஒரு நிமிசம், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு என் காதுக்குள் குனிந்தீர்.

"எனக்கு ஏதும் நடந்தால் இவளை நீரே வளரும். வேறை ஒருத்தரிட்டையும் குடுத்திடாதையும்."

அதைச் சொல்லிவிட்டுப் போய் இலையில் இருந்தீர். நான் கொட்டின தண்ணீரை இரண்டுதரமும் கண்ணால் கண்டுவிட்டு, அப்போதும் நீர் என்னை நம்பவில்லை. நஞ்சாய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கையை வைத்தீர். நினைத்துக்கொண்டுதான் இன்னும் போடச்சொன்னீர். நான் அந்தப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீர் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவிடுக்கை விட்டுவிட்டேன், மச்சாள். நம்பாமல் சாப்பிட்டீரே, அதைத்தான் இன்னும் விட முடியவில்லை.